காட்டுக்கோழி இறகு (தூண்டில் ஈ கட்டுதல்)

சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களுக்கான பகட்டான செயற்கை ஈக்களில் கண்போல மின்னுவது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. நீலகிரியின் இத்தலார், அவலாஞ்சிப் பக்கம் சோலையோரங்களில் கூவும் இப்பறவை இந்தியாவுக்கே உரியது. இறகின் நடுத்தண்டு ஆங்காங்கே தட்டையாக விரிந்து, வெள்ளையும் மஞ்சளுமான மெழுகுப் பொட்டுகளாகிறது. தூண்டில்முள்ளில் நூலைச் சுற்றி, தலைப்பகுதியின் இருபுறமும் ஒவ்வோர் இறகை வைத்து இறுக்குவார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த ‘ஜாக் ஸ்காட்’ ஈ இவ்வகையில் புகழ்பெற்றது. அந்த அழகுக்காகச் சேவல்கள் கொன்று குவிக்கப்பட்டது கொடுமை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் இப்பறவையின் வேட்டையைத் தடுக்கிறது. வெளிநாடுகளில் வளர்க்கப்படும் காட்டுக்கோழிகளின் இறகே இன்று சந்தைக்கு வருகிறது.

அவலாஞ்சி மீன்பண்ணையில் வளர்க்கப்பட்டுவந்த வானவில் டிரவுட்டும் மேலே சொன்ன ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். கடலுக்குப் போய்த் திரும்புவது ஸ்டீல்ஹெட்.