ஒரு மாத்திரை போதாதா? பிரஷர் மருந்துகள் கூட்டணி சேர்ந்த கதை

கோவில்பட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? கடலைமிட்டாய், தீப்பெட்டி, கரிசல் மண், பக்கத்துல இடைசெவல், கி.ரா. இந்த லிஸ்ட்ல யாரும் சேர்க்காத ஒரு செடி இருக்கு. நித்யகல்யாணி. ஊர்ப்பக்கம் சுடுகாட்டு மல்லின்னு சொல்வாங்க. அஞ்சு இதழ் இருக்கும். பூ ஊதா, இல்லேன்னா வெள்ளை. மழை பொய்ச்சாலும் தாக்குப்பிடிக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. அதனாலயே தென்மாவட்ட மானாவாரி நிலங்கள்ல இதைப் பயிராவே போட்டாங்க. இலையில இருந்து புற்றுநோய் மருந்து கிடைக்குது. வேர்ல இருந்து அஜ்மலிசின்னு ஒரு பொருள் கிடைக்குது. அது ரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்ட மருந்து.

அஜ்மலிசின். இந்தப் பேர்ல ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கார். டெல்லியில யுனானி மருத்துவராவும் விடுதலைப் போராட்டத் தலைவராவும் இருந்த ஹக்கீம் அஜ்மல் கான். அவர் உருவாக்கின திப்பியா கல்லூரியில சலிமுஸ்ஸமான் சித்திகின்னு ஒரு வேதியியலாளர் 1931-ல சர்ப்பகந்தா வேரை ஆராய்ச்சி பண்ணி, அதுல இருந்த பொருள்களைத் தனித்தனியா பிரிச்செடுத்தார். தன்னை வளர்த்துவிட்ட மனுஷனோட பேரையே அதுல சிலதுக்கு வச்சார். அதுல ஒண்ணுதான் பிறகு நம்ம சுடுகாட்டு மல்லி வேர்லயும் கிடைச்சது.

சர்ப்பகந்தா கரிசல் காட்டுச் செடி இல்ல. ஈரமான காட்டு ஓரங்கள்ல வளர்றது. ஆனா உலகத்துல பிரஷர் வைத்தியத்தோட கதை, முக்கியமா ஒண்ணுக்கு மேல மருந்து சேர்த்துக் கொடுக்கிற கதை, அந்த வேர்ல இருந்துதான் கிளம்புது. இன்னைக்கு நாம பேசப்போறது அதைத்தான்.

ஏன் இதைப் பேசணும்? நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு. டாக்டர் ஒரு மாத்திரையை ரெண்டாக்கிட்டா, "நோய் முத்திப்போச்சு"ன்னு வீட்ல எல்லாரும் பதறுவாங்க. இல்லேன்னா, "ஒண்ணு போதும், எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கணும்"னு ரெண்டாவது மாத்திரையை ஓரங்கட்டிடுவாங்க. வரலாறு இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்லுது.

முதல்ல, மருந்தே இல்லாத காலம் எப்படி இருந்ததுன்னு பார்ப்போம். 1945 ஏப்ரல் 12. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில ரத்தக்கசிவு வந்து இறந்துபோறார். அன்னைக்கு அவரோட பிரஷர் 300/190. ரெண்டு மாசம் முன்னாடி யால்டா மாநாட்டுல உட்கார்ந்து உலகத்தோட தலையெழுத்தைப் பேசினப்பவே 260/150. உலகத்துலயே அதிகாரம் கூடின ஆள், கூடவே ஒரு இதய நிபுணர். ஆனா கொடுக்கிறதுக்கு உருப்படியான மருந்து கையில இல்ல. உப்பைக் குறைங்க, ஓய்வெடுங்க, அவ்வளவுதான். வயசானா ரத்தக்குழாய் விறைக்கும், ரத்தம் போய்ச்சேரணும்னா பிரஷர் ஏறித்தான் ஆகணும், அதைக் குறைக்கிறதே ஆபத்துன்னு நினைச்ச மருத்துவர்களும் அப்ப நிறைய பேர்.

அதே சமயம் இந்தியாவுல வேற ஒண்ணு நடந்துட்டு இருந்தது. 1931-லயே கல்கத்தாவுல கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ்னு ரெண்டு பேர், சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வேலை செய்யுதுன்னு எழுதிட்டாங்க. வெளிநாட்டுல யாரும் கண்டுக்கல. 1949-ல பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் (ஆமா, பேர்தான் வக்கீல்) தன்னோட 50 நோயாளிகளுக்கு இந்த வேர் மருந்து கொடுத்துப் பார்த்ததை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்ல வெளியிட்டார். அப்பத்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல சுவிட்சர்லாந்து சிபா கம்பெனி, வேர்ல உண்மையா வேலை செய்யிற பொருளைப் பிரிச்சு எடுத்துச்சு. அதுக்கு ரெசர்பின்னு பேர். 1957-ல வக்கீலுக்கு அமெரிக்காவோட லாஸ்கர் விருது கிடைச்சது.

சரி, மருந்து கிடைச்சாச்சு, கதை முடிஞ்சதா? இல்ல. இங்கதான் உடம்பு தன் வேலையைக் காட்டுச்சு.

இதைப் புரிஞ்சுக்க கோவில்பட்டித் தண்ணிக் குழாயையே எடுத்துக்குவோம். ஊருக்குக் குடிதண்ணி சீவலப்பேரியில இருந்து, தாமிரபரணித் தண்ணி, குழாய் வழியா வருது. குழாய்ல அழுத்தத்தைக் குறைக்கணும்னா மூணு வழி. மோட்டார் வேகத்தைக் குறைக்கலாம். குழாயை அகலமாக்கலாம். இல்ல, உள்ள விடுற தண்ணியோட அளவைக் குறைக்கலாம். உடம்புலயும் அதே மூணுதான். மோட்டார் இதயம். குழாய் ரத்தநாளம். தண்ணியோட அளவைப் பார்த்துக்கிறது உப்பும் சிறுநீரகமும்.

ஆனா உடம்புக் குழாய் சும்மா இருக்காது, எதிர்த்து நிக்கும். ஹைட்ரலசின்னு ஒரு மருந்து ரத்தநாளத்தை விரிக்கும். உடனே உடம்பு "ஐயோ, அழுத்தம் குறையுதே"ன்னு இதயத்தை வேகமா ஓட வைக்கும், சிறுநீரகத்துல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும். கொஞ்ச நாள்ல பிரஷர் பழைய இடத்துக்கே வந்து நிக்கும். ஒரு வாசலை அடைச்சா இன்னொரு வாசல் வழியா உள்ள வந்துடுது.

அப்ப என்ன பண்ணணும்? எல்லா வாசலையும் கொஞ்சம் கொஞ்சமா அடைக்கணும். ரெசர்பின் இதயத்தை நிதானப்படுத்தும். ஹைட்ரலசின் குழாயை விரிக்கும். 1950-களோட கடைசியில தயசைடு வகை மருந்துகள் வந்துச்சு, அது உப்பைச் சிறுநீர்ல வெளிய தள்ளும். மூணையும் சேர்த்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு சரி பண்ணும். கூட்டு மருந்துக்குப் பின்னாடி இருக்கிற யோசனை இவ்வளவுதான்.

இந்த மூணையும் சேர்த்துத்தான் எட்வர்டு ஃபிரீஸ்ங்கிற அமெரிக்க டாக்டர் ஒரு பெரிய சோதனை நடத்தினார். அங்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள்ல, பிரஷரோட கீழ் எண் 115-ல இருந்து 129 வரைக்கும் இருந்த 143 ஆண்கள். பாதிப் பேருக்கு மூணு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியிற வெத்து மாத்திரை. முடிவு 1967-ல வந்தது. வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, அதுல 4 பேர் இறந்துட்டாங்க. மருந்து சாப்பிட்டவங்கள்ல 2 பேருக்குத்தான் பாதிப்பு, ஒரு சாவுகூட இல்ல. அடுத்து, அவ்வளவு அதிகமில்லாத பிரஷர் இருந்த 380 பேர்கிட்ட சோதிச்சாங்க. 1970-ல அந்த முடிவு வந்தது: வெத்து மாத்திரைப் பக்கம் 20 பேருக்குப் பக்கவாதம், மருந்துப் பக்கம் 5 பேருக்கு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. பிரஷரைக் குறைச்சா உயிர் பிழைக்கும்னு உலகத்துக்குச் சந்தேகமில்லாம நிரூபிச்சது தனி மருந்து இல்ல. கூட்டு மருந்து. அதுல ஒண்ணு இந்திய வேர்ல இருந்து வந்தது. ரெண்டாவது, மூணாவது மாத்திரைங்கிறது முதல் மாத்திரை தோத்துப்போனதுக்கு அடையாளம் இல்ல. ஆரம்பத்துல ஜெயிச்சதே கூட்டணிதான்.

நம்ம ஊருக்கும் அது வந்துச்சு. அடெல்ஃபேன் எசிட்ரெக்ஸ்னு ஒரு மாத்திரை, உங்க தாத்தா பாட்டிகிட்ட கேளுங்க, பேர் தெரிஞ்சிருக்கலாம். ரெசர்பின் 0.1 மில்லிகிராம், டைஹைட்ரலசின் 10, ஹைட்ரோகுளோரோதயசைடு 10. மூணும் ஒரே மாத்திரையில.

அப்புறம் ஏன் இது ஓரமாப் போச்சு? ரெசர்பின் அளவு கூடினா மூக்கடைப்பு, சோர்வு, மனச்சோர்வுன்னு புகார்கள் வந்துச்சு. அந்த நேரத்துல நல்ல புது மருந்துகள் வரிசையா வந்துச்சு. இதயத்தை நிதானப்படுத்துற பீட்டா பிளாக்கர் 1960-கள்ல. பிரேசில் விரியன் பாம்போட விஷத்தை ஆராயப்போய்க் கிடைச்ச கேப்டோப்ரில் 1981-ல. பிறகு அம்லோடிபின், லோசர்டான். மருந்துகள் நல்லதாக ஆக, வைத்திய முறை மாறிச்சு: முதல்ல ஒரே ஒரு மருந்து, போதலைன்னா அளவைக் கூட்டு, அதுக்கப்புறம் போதலைன்னா இன்னொண்ணு. படிப்படியா ஏறுற முறை. கேட்க நியாயமாத்தான் இருக்கு.

ஆனா கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. செய்யிற வேலைக்குத் தக்கன கூலி. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனா அன்னைக்குக் கூலி போச்சு. படிப்படியா ஏத்துறதுன்னா நாலஞ்சு தடவை போகணும். அதுலயும் பிரஷருக்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. நல்லாத்தானே இருக்கோம்னு ரெண்டாவது படியிலயே நின்னுடுவாங்க. பிரஷர் அங்கயே இருக்கும்.

இது வெறும் ஊகம் இல்ல. தமிழ்நாடு அரசு 2020-ல எடுத்த கணக்கெடுப்புல, பிரஷர் இருக்கிற 100 பேர்ல ஏழெட்டுப் பேருக்குத்தான் அது கட்டுக்குள்ள இருந்தது. பலருக்குத் தங்களுக்குப் பிரஷர் இருக்கிறதே தெரியல.

இதுக்கிடையில விஞ்ஞானம் பழைய பாடத்தைத் திரும்பக் கண்டுபிடிச்சது. 2003-ல லண்டன்ல மால்கம் லா, நிக்கலஸ் வால்ட் ரெண்டு பேரும் 354 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. மருந்தோட அளவைப் பாதியாக்கினாலும் பலன் அஞ்சுல ஒரு பங்குதான் குறையுது, ஆனா பக்க விளைவு நல்லாவே குறையுது. 2009-ல இன்னொரு கணக்கு: ஒரே மருந்தை ரெட்டிப்பாக்குறதை விட, வேற வகை மருந்து ஒண்ணைச் சேர்த்தா கூடுதலாக் கிடைக்கிற பலன் சுமார் அஞ்சு மடங்கு.

இதை நேரடியா சோதிச்சுப் பார்த்தது எங்க தெரியுமா? இலங்கையில. 700 நோயாளிகள். ஒரு பக்கம் வழக்கமான வைத்தியம். இன்னொரு பக்கம் டெல்மிசார்டான், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூணும் பாதி அளவுல ஒரே மாத்திரையா. 2018-ல முடிவு வந்தது. ஆறு மாசத்துல, மூணு சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 70 சதவீதம் பேர் இலக்கை எட்டினாங்க, வழக்கமான வைத்தியத்துல 55 சதவீதம். மறுவருஷமே, 2019-ல, உலக சுகாதார நிறுவனம் பிரஷர் கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துச்சு. அப்புறம் இந்தியாவுலயே கிட்டத்தட்ட 2,000 பேர்கிட்ட மூணு விதமான ஜோடி மாத்திரைகளைச் சோதிச்சாங்க. மூணுமே ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செஞ்சது, 10-ல ஏழு பேருக்கு பிரஷர் 140/90-க்குக் கீழ வந்தது.

இங்க ஒரு கேள்வி வரும். "கூட்டு மருந்துன்னா மோசம்னு படிச்சிருக்கோமே?" நியாயமான சந்தேகம். 2016 மார்ச்ல மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை ஒரேயடியா தடை பண்ணுச்சு. காரணம், சேர்க்கிறதுக்கு அர்த்தமே இல்லாத மருந்துகளைச் சேர்த்து வித்தாங்க. அதனால கேட்க வேண்டிய கேள்வி "இது கூட்டா, தனியா" இல்ல. "இதை ஏன் சேர்த்திருக்காங்க, சோதிச்சுப் பார்த்தாங்களா" என்பதுதான். பிரஷர்ல அதுக்குத் தெளிவான பதில் இருக்கு.

ஆனா மாத்திரை எவ்வளவு நல்லதா இருந்தாலும், வீட்டுக்கு வந்து சேரலைன்னா பிரயோஜனம் இல்ல. 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கினப்ப நோக்கம் அதுதான். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசல்லயே கொடுக்கிறது. அடுத்த கணக்கெடுப்புல, பிரஷர் கட்டுக்குள்ள இருக்கிறவங்க 100-க்கு 17 பேர் அளவுக்கு உயர்ந்திருந்தாங்க. முன்னேற்றம்தான். ஆனா மீதி 83 பேர் இன்னும் வெளிய இருக்காங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். இதைக் கேட்டுட்டு வேரை அரைச்சுக் குடிக்கக் கிளம்பிடாதீங்க. நித்யகல்யாணி வேரும் இலையும் விஷத்தன்மை உள்ளது. கூட்டு மாத்திரையும் எல்லாருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டான் வகை கூடாது, சிறுநீரகப் பிரச்சினை இருந்தா அளவு மாறும். முடிவு டாக்டரோடது.

நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ உட்கார்ந்து இதைக் கேட்டுட்டு இருக்கலாம். ஊருக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்போம் இல்லையா? கூடவே இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க. "கடைசியா பிரஷர் பார்த்தப்ப நம்பர் என்ன? மாத்திரை தீர்ந்துபோச்சா, இருக்கா?" நம்பர் கூடவே இருந்தா, "ஒரே மாத்திரையில ரெண்டு மருந்து இருக்கிற மாதிரி எழுதித் தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க"ன்னு சொல்லுங்க. டாக்டர் ரெண்டாவது மருந்து எழுதினா பதற வேண்டாம்னும் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.