தென்னம்பிள்ளையும் காணியுரிமையும்

தென்னங்கன்றைப் பிள்ளையென்று அழைப்பது நம் மரபு. குழியின் அடியில் பொச்சுமட்டை பரப்பி, ஓலை கட்டி நிழல் தந்து, கோடையெல்லாம் நீர் சுமந்து வார்த்தால், ஆறேழு ஆண்டில் அது பாளை தள்ளும். அத்தனை காலம் ஒரே மண்ணில் நிலைத்திருக்கும் உரிமை, வன்னியில் அதை நட்டவர்க்கு இருந்ததா?

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உழவர்க்கு அரச காணி வழங்க வழிசெய்தது. எனினும், 1977ஆம் ஆண்டு வன்செயலால் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியபோது, அவர்களுள் பலருக்குக் காணியுறுதி கிட்டவில்லை. 2009இல் போர் முடிந்தபோது முல்லைத்தீவுத் தென்னைகள் பல தலையிழந்து நின்றன. இராணுவத்தின் வசமிருந்த தம் காணியை மீட்க, கேப்பாப்புலவு மக்கள் 2017இல் தெருவோரம் அமர்ந்து போராட நேர்ந்தது.

நட்டு நீர் வார்த்தவர்க்கே காணியுறுதியும் வேண்டும். வன்னி வரலாற்றின் பெயரால் நாம் கோரும் நீதி இதுவே.