ரப்பர் நிழலில் பூத்த கொடிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டலாகாது என்பதே துரைமார் பலரின் கொள்கையாக இருந்தது. தமிழ்த் தொழிலாளர்கள், ஆணும் பெண்ணுமாக, மண்வெட்டி பிடித்து நிலத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டினர். தோட்டம் தூய்மையாகத்தான் தோன்றியது. ஆனால் வெறுமையான சரிவுகளில் பெருமழை பொழிந்தபோது, நூற்றாண்டுகளாகக் காடு சேர்த்து வைத்திருந்த மேல்மண் ஆற்றோடு போயிற்று. அவ்வளவு உழைப்பும் மண்ணுக்கே பகையாக முடிந்தது. அப்பிழை உழைத்தவர்களுடையதன்று, ஏவியவர்களுடையது.

1925ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அக்காலத்தில் கருத்து மெல்ல மாறியது. களையை ஒழிப்பதைவிட, மண்ணைப் போர்த்தும் கொடியை வளர்ப்பதே மேல் என்று உணரப்பட்டது. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சென்ட்ரோசீமா, கலோபோகோனியம், ஆசியாவுக்கே உரிய பியூராரியா ஆகிய பயறினக் கொடிகள் மரவரிசைகளுக்கிடையே விதைக்கப்பட்டன. நீலமும் ஊதாவுமாகப் பூக்கும் இக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்குகின்றன. உதிரும் இலைகளோ ஈரத்தைக் காக்கின்றன. லாலாங் புல்லும் எளிதில் தலையெடுப்பதில்லை.

ஈரத்தை விரும்பும் இக்கொடிகளுக்கு நிழல் அவ்வளவாக ஒத்துவராது. ரப்பர் மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றோடொன்று கூடியதும், பியூராரியா மெலிந்து மறைகிறது. சென்ட்ரோசீமா இன்னும் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். பின்னர் அவ்விடத்தில் பெரணிச் செடிகள் குடியேறுகின்றன; ஆண்டுதோறும் இலையுதிர் பருவத்தில் ரப்பர் மரமே தன் சருகால் மண்ணை மூடிக்கொள்கிறது.