தொண்ணூறு செகண்டும் ஒரு பட்டாணிச் செடியும்

"ஒன்றரை நிமிஷப் படத்துக்கு ஏழு வாரமா தம்பி? ஏ.ஐ.யில பத்து நிமிஷத்துல வந்துரும்னு எம் மவன் சொல்லுதானே?"

கேட்டவர் தாராவி பதிமூணாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி, தானா போடும் அண்ணாச்சி ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். புனேயில் ஒரு கம்பெனி மாதாமாதம் அவரிடம் சரக்கெடுக்கத் தயார். ஆனால் தானா எப்படித் தயாராகிறது என்று முதலில் ஒரு வீடியோவில் விளக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சந்துக்குள் கேமராவைக் கொண்டுபோனால் இருட்டும் மூட்டையும்தான் தெரியும், வேலை தெரியாது. அதனால் அனிமேஷன். மான்குர்த்தில் படுக்கையறை மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு நான் பிழைப்பதே இந்தத் தொழிலில்தான்.

அன்று டீக்கடையில் அவருக்குச் சொன்ன கதையை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் அப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவருக்கும் ஆகும்.

கதை இதே பம்பாயில், தாதரில், 1912-ல் தொடங்குகிறது. தாதாசாகேப் பால்கே லண்டன் போய் கேமரா வாங்கி வந்துவிட்டார். படம் எடுக்கத்தான் பணமில்லை. சினிமா என்றால் என்னவென்றே தெரியாதவர்களிடம் கடன் கேட்க வேண்டும். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? மனுஷர் ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்தார். கேமராவை அதன் முன்னால் நிறுத்தி, தினம் ஒரு ஃபிரேம் என்று ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தார். ஓட்டிப் பார்த்தால் விதை முளைத்து, கொடி வீசி, கண்ணெதிரே கிடுகிடுவென்று வளர்கிறது! பார்த்தவர்கள் கடன் கொடுத்தார்கள். அதுவும் போதாமல் மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் அடகுக்குப் போயின. 1913 மே 3-ம் தேதி 'ராஜா ஹரிச்சந்திரா' கரோனேஷன் தியேட்டரில் வெளியானது.

எனக்குத் தெரிந்து இந்தியாவில் பணம் போடுபவருக்கு விஷயத்தை விளக்க எடுத்த முதல் படம் அந்தப் பட்டாணிதான். பிறகு 1915-ல் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி ஒரு படமும் எடுத்தார். எங்கள் தொழிலுக்குக் குலதெய்வம் என்று ஒன்று இருந்தால் அவர்தான்.

அடுத்த பெரிய வாடிக்கையாளர் சர்க்கார். 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனை ஊர்த் தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் ஓடிய நியூஸ்ரீலாக நமக்கெல்லாம் தெரியும். (அது முடிகிற நேரம் பார்த்து உள்ளே போனவர்களில் நானும் ஒருவன்.) 1956-ல் அதில் ஒரு கார்ட்டூன் பிரிவு ஆரம்பித்தார்கள். அமெரிக்க உதவித் திட்டத்தில் பயிற்சி தர வந்தவர் கிளேர் வீக்ஸ், டிஸ்னியில் 'பாம்பி' படத்தில் வேலை செய்தவர், பிறந்தது இந்தியாவில்தான். பாம்பி மான் குட்டிக் கதை. இங்கே அவர் பயிற்சி கொடுத்து 1957-ல் வந்த முதல் படம் 'பன்யன் டியர்'. ஜாதகக் கதை, அதிலும் மான்! குடும்பக் கட்டுப்பாடு, தேசத்தின் வளம் என்று எதையெல்லாம் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்ததோ, அதெல்லாம் பின்னால் கார்ட்டூனாக வந்தன. மினு மசானியின் 'அவர் இந்தியா' புத்தகம்கூட 1961-ல் படமானது.

அந்தப் பிரிவில் சேர்ந்தவர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, கெமிஸ்ட்ரியில் மேல்படிப்புக்குப் பம்பாய் வந்தவர். படிப்பை விட்டுவிட்டுப் படம் வரையப் போய்விட்டார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நம் வீடுகளை வைத்தே ஊகிக்கலாம். 1968-ல் சர்க்கார் வேலையையும் விட்டார். 1972-ல் சொந்தக் கம்பெனி. விளம்பரங்கள் நிறையச் செய்தார். 1977-ல் சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'க்காக அவர் செய்த அனிமேஷனை ஒருமுறை பாருங்கள். வெள்ளைக்காரன் சமஸ்தானங்களை எப்படி விழுங்கினான் என்பதைச் செர்ரிப் பழங்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வதாகக் காட்டியிருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் இதைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து மறந்திருக்கிறேன். செர்ரி மறக்கவில்லை. யுனிசெஃபின் மீனா பாப்பாவும் அவர் கைதான். 2014-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2019-ல் காலமானார். ஃபிலிம்ஸ் டிவிஷனையும் 2022-ல் என்.எஃப்.டி.சி.யோடு இணைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "சரி, எனக்கு எத்தனை படம் வரைவே?"

செகண்டுக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12. தொண்ணூறு செகண்டுக்கு 1,080. இப்போது கம்ப்யூட்டர் பாதி பாரத்தைச் சுமக்கிறது, ஏ.ஐ. இன்னும் கொஞ்சம் சுமக்கும். ஆனால் எதை விடுவது என்று நாம்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி கொடுத்த பட்டியலில் அவர் அப்பா போட்டோ, வீட்டு அம்மன், மெஷின் வாங்கிய விலை, மூன்று போன் நம்பர் எல்லாம் இருந்தன. ஒரு வாரம் மல்லுக்கட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரேயொரு நீல ஷாம்பு மூடியை மட்டும் வைத்துக்கொண்டேன். அது மூட்டையிலிருந்து விழுந்து, நிறம் பிரிந்து, நொறுங்கி, கழுவி, காய்ந்து, உருகிக் கம்பியாய் நீண்டு, துண்டாகித் தானாவாகும். பால்கேயின் பட்டாணியை அப்படியே திருடியதுதான்.

மூன்றாவது வாரம், பென்சில் கோட்டில் இருந்த மாதிரியை அவர் கடையிலேயே போனில் ஓட்டிக் காட்டினேன். பேசாமல் பார்த்தவர் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறம் பிரிக்கும் பெண்களை ஸ்டூலில் உட்கார வைத்து வரைந்திருந்தேன்.

"நம்ம கடையில தரையிலதானே தம்பி உக்காருதாங்க?"

அத்தனை தடவை போய்வந்தும் கவனிக்கவில்லை. அசடு வழிந்தபடி, மாற்றிவிடுகிறேன் அண்ணாச்சி, நாற்பது படம்தான் என்றேன்.

அவர் மூலையில் குனிந்திருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம், இருக்கட்டும். ஆறு ஸ்டூலு வாங்கிப் போட்டுருதேன்."

போன வாரம் போயிருந்தேன். நாலு வந்திருக்கிறது.