வெறும் பாரும் வெறுங்காலும்

1830-இல் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தார்கள். அடுத்த சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1860-இல்தான் வந்தது. 1862-இல் அதுவும் ஓய்ந்து, மறுபடி 1889 வரை கடல் கையை விரித்துவிட்டது. எங்கள் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும், அப்பன் முங்கிய பாரை, அந்தச் சிப்பித் திட்டை, மகன் பார்க்காமலே கிழவனான காலம் அது.

நான் தூத்துக்குடியில் கல்லூரி அணிக்குக் கால்பந்து ஆடிய வருஷம் நாங்கள் ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. அணியில் பாதிப்பேர் கடற்கரைப் பையன்கள். வலை காயும் மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். மணலில் பந்து உருளாது. தூக்கித்தான் கொடுக்க வேண்டும். பூட்ஸ் மாட்டிக்கொண்டு கட்டாந்தரையிலும் அதையே செய்தோம். பந்து எகிறி எதிராளியின் காலுக்குப் போனது. "கடக்கரைக்காரப் பயலுவளுக்கு ஒழுங்கு கெடையாது" என்று பயிற்சியாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அப்பா 1955 முதல் 1961 வரை நடந்த சிலாபத்தில் குளித்தவர். பயிற்சியாளர் சொன்னதை அவரிடம் சொன்னபோது, "முத்து இல்லன்னா மொதப் பழி முங்குனவன் மேலதாம்ல வரும்" என்றார்.

சரித்திரமும் அவர் பக்கம்தான். 19-ஆம் நூற்றாண்டில் பார்கள் வெறுமையானபோது, சங்கு குளிப்பவர்கள்தான் சிப்பியைக் கெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பாம்பன் கால்வாயை வெட்டிப் பெரிதாக்கியதில் நீரோட்டம் மாறிவிட்டது என்றும் பேசினார்கள். 1902-இல் ஹெர்ட்மன், ஹார்னெல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இலங்கைப் பார்களை ஆராயத் தொடங்கினார்கள். ஹார்னெல் பிற்பாடு நம் கரைக்கும் வந்தார். சிப்பிக் குஞ்சுகளை மணல் மூடிவிடுவதும், திருக்கையும் கிளாத்தியும் மேய்ந்துவிடுவதும் அப்போது எழுத்தில் ஏறின.

பந்தாட்டத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில் வெறுங்காலோடு பலர் ஆடிய இந்திய அணி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அதன்பிறகு பூட்ஸ் கட்டாயமானது. 1956-இல் மெல்போர்னில் இந்தியாவுக்கு நான்காவது இடம். ஆட்டக்காரனை வைவதோடு நிற்காமல் அவன் காலையும் பார்த்ததற்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பேன்.

காரணம் பிடிபட்டால் ஜெயித்துவிடலாம் என்றும் இல்லை. 1906-இல் ஒரு லண்டன் கம்பெனி, வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் கட்டுவதாக இலங்கைப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு குளிக்கச் சிப்பி இல்லை. 1912-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் 1961-தான் கடைசிச் சிலாபம்.

நாங்களும் அடுத்த வருஷம் தரையோடு பந்து கொடுக்கப் பழகினோம். கோப்பை என்னவோ வரவில்லை. ஆனால் எந்த ஆட்டத்தில், எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று எங்களாலேயே சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பேரை இழுக்க யாருக்கும் இடம் இருக்கவில்லை.