கேஷுவல்: பந்து, ஷிஃப்ட், மைதானம் குறித்துச் சில குறிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ‘கேஷுவல்’ என்பது பெயர்ச்சொல். ‘அவன் பர்மனென்ட்டு, நான் கேஷுவலு’ என்று சொல்வார்கள். வேலைக்கு உத்தரவாதமில்லை, நாளைக்கு வரச் சொன்னால் வரலாம், சொல்லாவிட்டால் இல்லை என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். விளையாட்டை விற்பவர்களும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள். ‘கேஷுவல் ரசிகன்’ என்பவன் நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலகக்கோப்பை வரும்போது மட்டும் எட்டிப் பார்ப்பவன். அணிக்கு விசுவாசமில்லாதவன், ஆஃப்சைடு என்றால் என்னவென்று பக்கத்திலிருப்பவனைக் கேட்பவன். தீவிர ரசிகன் அவனை ஏளனமாகப் பார்க்கிறான். இந்த இரண்டு கேஷுவலும் ஒரே ஆளாக இருக்கும்போது அந்த ஏளனத்தை எப்படி வாசிப்பது என்பதுதான் என் கேள்வி.

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. கத்தாரில் இறுதியாட்டம் தொடங்கியது நம் நேரத்துக்கு இரவு எட்டரை. உருக்காலை உலைக்கு ஞாயிறு கிடையாது. அன்றைக்கு இரண்டு-பத்து ஷிஃப்ட்டில் இருந்த ஓர் இளைஞர், திருவள்ளூர்ப் பக்கத்து கிராமத்துக்காரர், பின்னால் என்னிடம் சொன்னது இது: “போன கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க சார். பத்து மணிக்கு வெளிய வந்து வேன்ல குந்திக்கினு போன தொறந்தா ரெண்டு-பூஜ்யம்னு காட்டுது. சரி முடிஞ்ச ஆட்டம்னு நெனச்சேன். அப்பதான் அந்த ஃபிரான்ஸ்காரன் அடிச்சான்.” 80, 81 ஆகிய நிமிடங்களில் எம்பாப்பே அடித்த இரண்டு கோல்களைத்தான் சொல்கிறார். மூன்று-மூன்று என்று முடிந்து பெனால்ட்டியில் அர்ஜென்டினா வென்றபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் அவர் ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லை. அன்றும் முழு ஆட்டம் பார்க்கவில்லை. ஆனாலும் ‘அன்னிக்குத்தான் ஃபுட்பாலக் கண்டுபுடிச்சேன்’ என்றார். ‘கண்டுபிடித்தேன்’ என்பது அவருடைய சொல்.

கண்டுபிடிப்பு என்றதும் நம் தமிழ்ப் பேராசிரியர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் கந்துகவரி ஞாபகம் வந்துவிடும். எம்.ஏ. வகுப்பில் எனக்கும் அதைப் பாடமாக நடத்தினார்கள். பந்தாட்டமே நம்முடையது என்று தொடங்கும் அந்தக் கதையாடலுக்குள் நான் போகப்போவதில்லை. பந்து எல்லா ஊரிலும் இருந்தது. பந்தை மணிக்கணக்கிட்டு, கோடு போட்டு, டிக்கெட் வைத்து நடத்தும் ஆட்டம் எல்லா ஊரிலும் இருக்கவில்லை. அது ஆலையோடு பிறந்தது.

கைவினைஞன் வேலையை முடிக்கிறான், ஆலைத் தொழிலாளி நேரத்தை விற்கிறான் என்ற வேறுபாட்டை ஈ.பி. தாம்ப்சன் 1967-ல் எழுதிய கட்டுரையில் விரித்துப் பேசினார். இங்கிலாந்தின் பட்டறைகளில் ‘புனிதத் திங்கள்’ என்றொரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிறு குடித்துத் தீர்த்து, திங்களன்று வேலைக்கு மட்டம் போடுவது. முதலாளிக்கு அது ஒழுங்கீனம், தொழிலாளிக்கு அது உரிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பேரம் நடந்தது: திங்களைக் கொடு, சனிக்கிழமை பிற்பகலை வாங்கிக்கொள். 1850-ன் தொழிற்சாலைச் சட்டம் ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் சிறாருக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது. அவர்கள் போய்விட்டால் ஆலை ஓடாது, ஆகவே ஆண்களுக்கும் அதுவே நடைமுறையானது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் மூன்று மணிக்கு ஆட்டம். இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணி என்பது கால்பந்தின் நேரமாக ஆனதற்கு வானிலையோ பண்பாடோ காரணமல்ல.

1883-ல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற பஞ்சாலை நகரத்து அணி, நெசவாளிகளும் பட்டறைக்காரர்களும் ஆடிய அணி, ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்களின் அணியை எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று வீழ்த்தியது. ஆர்சனல் 1886-ல் உல்லிச்சின் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டின் மூலம் ரயில்வே பணிமனை. வெஸ்ட்ஹாமின் மூலம் தேம்ஸ் கரையிலிருந்த கப்பல் கட்டும் பட்டறை. இன்று எண்ணெய் அரசுகளும் நிதி நிறுவனங்களும் வாங்கி விற்கும் பெயர்கள் பலவற்றுக்கு அடியில் ஒரு வருகைப் பதிவேடு கிடக்கிறது.

பெண்களின் கதை இதில் விசேஷமானது. முதல் உலகப்போரில் பிரெஸ்டன் நகரத்து டிக், கெர் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஓர் அணி கட்டினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே, 1921 டிசம்பரில், பெண்களின் உடலுக்கு இந்த ஆட்டம் ஒவ்வாது என்று சொல்லித் தன் கட்டுப்பாட்டிலிருந்த மைதானங்களை எஃப்.ஏ. அவர்களுக்கு மூடிவிட்டது. ஆடக்கூடாது என்று தடுக்கத் தேவையில்லை, மைதானத்தைக் கொடுக்காவிட்டால் போதும். அந்தத் தடை விலக ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது.

அமெரிக்காவின் பேஸ்பாலுக்கு வந்தால் அங்கேயும் தகராறு கிழமையைப் பற்றித்தான். வாரத்தில் ஆறுநாள் வேலை செய்பவனுக்கு ஞாயிறுதான் மிச்சம். ஞாயிறன்று ஆடக்கூடாது என்பது சட்டமும் சமயமும். 1882-ல் தொடங்கிய அமெரிக்கன் அசோசியேஷன் ஞாயிறு ஆட்டம், 25 சென்ட் டிக்கெட், பீர் மூன்றையும் அனுமதித்தது. பழைய நேஷனல் லீகின் கட்டணம் 50 சென்ட். நியூயார்க்கில் ஞாயிறு பேஸ்பால் சட்டப்படி சரியானது 1919-ல்தான். 1935 மே மாதம் சின்சினாட்டியில் மின்விளக்கு போட்டு முதல் இரவாட்டத்தை நடத்தியபோது, பகல் முழுக்க வேலை செய்பவன் வாரநாளிலும் பார்வையாளனாக முடிந்தது. அலபாமாவின் எஃகு, நிலக்கரி நிறுவனங்கள் நடத்திய தொழிற்சாலை லீகுகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் ஆடினார்கள். வில்லி மேஸின் தகப்பனார் அப்படி ஆடியவர். ஆட்டக்காரர்களைக் கம்பெனி நன்றாகவே பராமரித்தது, சங்கத்தின் பக்கம் அவர்கள் போய்விடக்கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. ஆலை மைதானத்தைக் கொடுத்தது என்று நான் சொல்வதை ஆலையின் கருணை என்று யாரும் படித்துவிடக்கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

சென்னைக்கு வருவோம். 1918-ல் பெரம்பூர் பின்னி ஆலைகளை மையமாக வைத்து மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921 வேலைநிறுத்தம் சாதியால் உடைந்து புளியந்தோப்பில் தீயும் துப்பாக்கிச் சூடுமாக முடிந்தது. அந்த நிலப்பரப்பில்தான், புளியந்தோப்பு-வியாசர்பாடி-பெரம்பூர் வட்டாரத்தில்தான், கால்பந்து வேர்விட்டது. கிரிக்கெட்டுக்கு மட்டை, பேடு, கிளப், ‘நல்ல குடும்பம்’ என்று பலது வேண்டும்; இதற்கு இருபத்திரண்டு பேருக்கு ஒரு பந்து. பிறகு ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை, வங்கிகள் என்று நிறுவன அணிகள் வந்தன. 1996-ல் தொடங்கிய தேசிய லீகில் இந்தியன் வங்கி ஆடிய காலமும் இருந்தது. ஒரு வங்கி கால்பந்து ஆடியது என்பது இன்றைய தீவிர ரசிகனுக்கு நகைச்சுவையாகப் படலாம். வியாசர்பாடிப் பையனுக்கு அது நகைச்சுவையல்ல. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, வேலை என்றால் பர்மனென்ட், பர்மனென்ட் என்றால் பென்ஷன். ஒரு காலிலிருந்து அரசு வேலை வரைக்கும் ஒரு பாதை இருந்தது.

அதே 1996-ல் பின்னி ஆலைகள் மூடப்பட்டன. தற்செயல்தான், ஆனால் கவனிக்கத்தக்க தற்செயல். வியாசர்பாடியில் கால்பந்து சாகவில்லை. முல்லை நகர் மைதானத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சியும் படிப்பும் சேர்த்துக் கொடுக்கும் அமைப்பு வேலை செய்தது. தன்பால் கணேஷ் அங்கிருந்து போய் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடினார். வடசென்னையின் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோல் கல்கத்தாவையே குலுக்கியது. இது பெருமைப்படவேண்டிய விஷயம். ஆனால் நூறு பேரை வேலையில் அமர்த்திய பழைய ஏணிக்குப் பதிலாக ஒன்றிரண்டு பேரை நட்சத்திரமாக்கும் ஏணி வந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது ரயிலில் இன்னும் வடக்கே போனால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி. எண்பதுகளில் எழுந்த இந்தத் தொழிற்பேட்டையில் உருக்காலை, வார்ப்படம், ரசாயனம், வாகன உதிரிபாகம் எல்லாம் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி அணி என்று லீகில் ஒரு பெயரை நான் கேட்டதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை நெறிப்படுத்தவும் ஒழிக்கவும் 1970-ல் சட்டம் போட்டார்கள். அந்த முறையின் மேல்தான் இந்தப் பேட்டையே நிற்கிறது. காண்ட்ராக்டர் அணி கட்ட மாட்டார். அவருக்குத் தொழிலாளி என்பது தலை எண்ணிக்கை, இன்று வந்த தலை நாளை இராது. பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்களும், நம் ஊர்க்காரர்களும், ஈழத்து அகதி முகாமிலிருந்து (2021-க்குப் பிறகு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர்) கூலிக்குப் போகிறவர்களும் ஒரே வேனில் போகிறார்கள். பதினொரு பேர் ஒன்றாக ஓய்ந்திருக்கும் ஒரு மாலைகூட ஷிஃப்ட் முறையில் அமைவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் என்பது இங்கே வெகுகாலமாகவே நடைமுறை, ஓ.டி. என்ற பெயரில். 2023 ஏப்ரலில் அதற்குச் சட்ட வடிவம் கொடுக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பி, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு வருடம்! மசோதா போனது, ஓ.டி. போகவில்லை.

ஆகவே இங்கே ஃபுட்பால் மைதானத்தின் வழியாக வரவில்லை, திரையின் வழியாக வந்தது. 1986-ல் மெக்சிகோவில் நண்பகல் வெயிலில் ஆட்டங்களை வைத்தார்கள், ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு அது மாலை நேரம் என்பதால். மரடோனா உட்பட ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அந்த நண்பகல் நமக்கு இரவு பதினொன்றரை. தூர்தர்ஷன் காட்டியதைப் பார்க்க விழித்திருந்தவர்களில் பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தவர்களும் உண்டு. யாருடைய வசதிக்காகவோ வகுத்த நேரத்தில் நம்மாள் ஓரமாகப் புகுந்துகொள்கிறான். 2022-லும் நடந்தது அதுதான்.

ராக் இசையை இதோடு சேர்ப்பது வலிந்த செயல் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் 55,000 பேருக்குமேல் முன்னால் பாடிய ஷே ஸ்டேடியம் ஒரு பேஸ்பால் மைதானம். பர்மிங்காம் தகரப் பட்டறையில் வேலை செய்த டோனி அயோமி, பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், மெஷினில் வலதுகையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டி, கம்பிகளைத் தளர்த்தி வாசித்தார். ‘பிளாக் சபாத்’தின் கனத்த ஒலியில் அந்தத் தளர்ந்த கம்பிக்குப் பங்குண்டு. அந்தக் குழு தன் கடைசிக் கச்சேரியை 2025 ஜூலை 5 அன்று நடத்தியது ஆஸ்டன் வில்லாவின் கால்பந்து மைதானத்தில், தாங்கள் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்தில். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் அதே மாதம் இறந்தார். பிரஸ் மெஷினில் விரல் போன பையன்கள் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கிறார்கள். இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரலின் ஒரு கணு போனால் 7 சதவீதம் என்று கணக்கு வைத்திருந்தது.

நம் பக்கத்தில் இதற்கு நெருக்கமானது 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. ஆவடிக்குப் பக்கத்துக் கர்லப்பாக்கத்தில் பிறந்த இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த அந்தக் குழுவில் கானாவும் ராக்கும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. சாவு வீட்டுக்கு வெளியே பந்தலடியில் இரவெல்லாம் பாடப்பட்ட கானாவுக்கு மைதானம் கிடைத்தது. காசு கொடுத்து உட்கார்ந்து கேட்கும் சபாவின் ஒழுங்கு அங்கே இல்லை. நின்றார்கள், ஆடினார்கள், திரும்பக் கத்தினார்கள். ராயபுரத்து இசைவாணியின் குரலைப் பலர் நேரில் முதலில் கேட்டது இப்படியான கூட்டத்தில்தான். வந்தவர்களில் பாதிப்பேராவது கேஷுவல் ரசிகர்களாகத்தான் இருந்திருப்பார்கள், ‘இன்னான்னு பாத்துட்டுப் போலாம்’ என்று வந்தவர்கள்.

சிப்காட்டை ஒட்டி ஓர் ஏரி, கோடையில் தரை தெரியும். சென்ற வருடம் ஒரு ஞாயிறு மாலை அங்கே போயிருந்தேன். அசாமியர், ஒடியர், ஊர்ப்பையன்கள் கலந்த இரண்டு அணிகள். ஹெல்மெட்டுகள்தான் கோல்போஸ்ட். மேற்சொன்ன இளைஞரும் ஆடினார், மோசமாக ஆடினார், அதைப்பற்றிய கவலையே இல்லாமல். கரையோரம் முகாம் சிறுவர்கள் ஒரு கம்பால் பந்தை ஓங்கி அடித்துவிட்டு வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பேஸ்பாலா என்று கேட்டேன். “இல்லையண்ணை, இது எல்லே” என்றான் ஒருவன், நான் என்ன தெரியாதவன் என்கிற பார்வையோடு. ஓடும்போது பந்தால் எறிந்து அடித்துவிட்டால் அவுட்டாம். இலங்கையில் பிறக்காத பையன் அவன்.

ஏழே காலுக்கு நைட் ஷிஃப்ட் வேன் கரையில் வந்து நின்று இரண்டுமுறை ஹாரன் அடித்தது. ஸ்கோர் மூன்று-மூன்று. ஹெல்மெட்டுகளை எடுத்துக்கொண்டு ஏறினார்கள்.