சீடெஃப்ஸ் கோப்பின் இரு பாடங்கள்: சி மொழி ஹெடர்களில் கம்பைலர் பேதமும் மேக்ரோவும்

1992-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க நாட்டுச் சான் அன்டோனியோ நகரத்தில் கூடிய யூசெனிக்ஸ் மாநாட்டில், ஹென்றி ஸ்பென்சர், ஜெஃப் கோலியர் என்னும் இருவர், ‘#இஃப்டெஃப்’ என்பது தீங்கானது என்று தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டு ஒரு கட்டுரையை வெளியிட்டனர். 1968-இல் ‘கோ டு’ வாக்கியத்தின்மீது டைக்ஸ்ட்ரா எழுதிய கடிதத்தின் தலைப்பைத் தழுவியது அது. சி நியூஸ் என்னும் மென்பொருளைப் பலவகை யூனிக்ஸ் இயந்திரங்களில் ஓடச்செய்த அனுபவத்திலிருந்து எழுந்த கட்டுரையாதலால், அதன் உபதேசத்தை ஏற்பதில் எனக்கு யாதொரு தடையும் இல்லை. ஆனால் அந்த உபதேசத்தையே சரித்திரமாகவும் கொண்டு, சி மொழி ஹெடர்களில் காணும் மேக்ரோக்கள் யாவும் முன்யோசனையற்ற காலத்தின் வடுக்கள் என்று வாசிக்கும் வழக்கம் பிற்காலத்தாரிடம் வேரூன்றிவிட்டது. அந்த வாசிப்பு பிழையானது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அவர்கள் பக்கத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஓர் இயந்திரத்தில் ஒரு ஃபங்ஷன் இல்லையென்றால், அதனை அழைக்கும் இடந்தோறும் நிபந்தனை வரிகளை நட்டு நிரலைப் புதர்க்காடாக்குவதைக் காட்டிலும், இல்லாத ஃபங்ஷனை நாமே எழுதி லைப்ரரியில் சேர்த்துவிட்டு, நிரல் முழுவதும் அது எங்கும் இருப்பதாகவே பாவித்து எழுதுவது மேல் என்பது அவர்களுடைய சித்தாந்தம். வேறுபாடுகளைத் தெளிவான இடைமுகங்களுக்குப் பின்னால் ஒதுக்கவேண்டும். பல இயந்திரங்களில் ஓடும் தன்மை முன்கூட்டித் திட்டமிடுவதால் வருவதேயன்றி, பதுங்குகுழியில் கிடந்து அங்குலம் அங்குலமாகப் போரிடுவதால் வருவதன்று. ஒரே கோப்பில் நான்கு அடுக்கு நிபந்தனைகளைக் கண்டு, எந்த ‘#எண்டிஃப்’ எந்த ‘#இஃப்’-ஐ முடிக்கிறது என்று விரல்விட்டு எண்ணியவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். ஹெடர்களுக்குள் நிபந்தனை வருவதை அவர்கள் அறவே விலக்கவும் இல்லை. வேறு வழியில்லாதபோது அங்கே அடக்கிவைக்கலாம் என்று சலுகையாக இடந்தருகிறார்கள்.

அச்சலுகையில்தான் என் ஆட்சேபம் தொடங்குகிறது. இல்லாத ஃபங்ஷனுக்கு ஈடாக ஒன்றை எழுதி வைக்கலாம். இல்லாத இலக்கணத்துக்கு ஈடாக எதனை எழுதி வைப்பது? ‘கான்ஸ்ட்’ என்னும் சொல்லையே அறியாத கம்பைலருக்கு எந்த லைப்ரரியும் அதனைக் கற்பிக்க இயலாது. ஃபங்ஷனின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் வகைப்பெயர்களைக் கண்டவுடன் பிழை என்று நின்றுவிடும் கம்பைலரிடம், அவ்வகைகளை வேறெந்த இடைமுகத்தின் வாயிலாகவும் சொல்ல வழியில்லை. 1989-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிர்ணயத்துக்குப் பின் பல ஆண்டுகள் சி என்னும் ஒரே பெயரில் இரு மொழிகள் வழங்கின. அவ்விரண்டுக்கும் நடுவே நின்ற ஹெடர் போர்க்களம் அன்று. கும்பினியார் காலத்துத் துபாஷியின் ஆசனம். அங்கிருந்த மேக்ரோ இரண்டு நிரல்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே வாக்கியத்தை இரு செவிகளுக்கும் ஏற்பச் சொல்லிற்று.

மேக்ரோக்களை விரிக்கும் முன்செயலியின் பிறப்பைப் பற்றி டென்னிஸ் ரிச்சி தாமே எழுதியிருப்பதால் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1972-73 அளவில், ஆலன் ஸ்னைடரின் தூண்டுதல் ஒருபுறமும், பி.சி.பி.எல்., பி.எல்./ஒன் ஆகிய மொழிகளில் கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளும் வசதி மறுபுறமும் காரணமாக அது தோன்றியது. முதலில் கோப்பைச் சேர்ப்பதும் எளிய சொல்மாற்றமும் தவிர வேறொன்றும் அறியாதிருந்தது. பிறகு மைக் லெஸ்க்கும், அவருக்குப்பின் ஜான் ரைசரும் அதற்கு அளபுருக்களையும் நிபந்தனைகளையும் அளித்தனர். தொடக்கத்தில் அது மொழியின் உறுப்பாகவே கருதப்படவில்லை என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

இனி என் ஆதாரத்துக்கு வருகிறேன். பெர்க்லி யூனிக்ஸ் மரபில் ‘சிஸ்’ கோப்புறையில் உள்ள ‘சீடெஃப்ஸ்.எச்’ என்னும் சிறு ஹெடரே அது. பெரும்பாலான நிரலர் இதனைத் திறந்தே பார்த்திரார். மற்ற ஹெடர்கள் இதனைத் தாமே சேர்த்துக்கொள்வதால், கோயிலுக்குள் நுழைபவன் மிதித்துச் செல்லும் வாசற்படிக் கல்வெட்டைப்போல் இது கிடக்கிறது. இதன் தலையில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உரிமைக் குறிப்பு 1991, 1993 என்னும் இரு ஆண்டுகளைத் தாங்கி நிற்கிறது. பெர்க்லி சாஃப்ட்வேர் டிசைன் நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு அளித்ததிலிருந்து பெறப்பட்டது என்ற வாசகமும் உண்டு. அதன்பின் வரும் பதிப்பு வரியில்தான் பாடபேதம். ஓப்பன்பிஎஸ்டி காத்துவரும் பிரதியில் 8.7 என்னும் எண்ணும் 1/21/94 என்னும் தேதியும் உள்ளன. நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி பிரதிகளில் 8.8 என்னும் எண்ணும் 1/9/95 என்னும் தேதியும் உள்ளன. நம்மவர் கண்ணுக்கு இரண்டாவது தேதி செப்டம்பர் முதல் நாள் என்றே தோன்றும். ஆனால் முதல் பிரதியில் 21 என்பது மாதமாக இருக்க வழியில்லையாகையால், இரு வரிகளும் மாதத்தை முன்வைக்கும் அமெரிக்க முறையிலேயே எழுதப்பட்டன என்பதும், ஆகவே பின்னது 1995 ஜனவரி 9 என்பதும் நிர்ணயமாகின்றன. அற்ப விஷயம்தான், எனினும் பெர்க்லியின் 4.4 லைட் இரண்டாம் வெளியீடு 1995 ஜூனில் வந்தது என்பதையும், அத்துடன் அங்கிருந்த ஆராய்ச்சிக் குழு கலைந்துபோயிற்று என்பதையும் நினைத்தால், செப்டம்பர் என்று வாசிப்பவர் வெளியீட்டுக்குப் பிறகு கோப்பு திருத்தப்பட்டதாகக் கருதும் பிழைக்கு ஆளாவார்.

எனினும் இத்தேதிகள் பதிப்பின் தேதிகளேயன்றி, உள்ளிருக்கும் மேக்ரோக்களின் தேதிகள் ஆகா. உரிமைக் குறிப்பின் 1991 என்பதும் ஒரு கீழெல்லையைக் காட்டுமேயல்லாது, ‘__பீ’ என்னும் மேக்ரோவை முதலில் நினைத்தவர் அதனை நினைத்த நாளைக் காட்டாது. அந்த நாளை நான் நிர்ணயிக்க முற்படவில்லை.

கோப்பின் உயிர்நிலை மூன்று மேக்ரோக்கள். ஒவ்வொன்றும் இருமுறை வரையறுக்கப்பட்டுள்ளது, புதிய சி அல்லது சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலருக்கு ஒருமுறை, பழையதற்கு ஒருமுறை. ‘__பீ’ புதிய கிளையில் தன் அளபுருவை அப்படியே திருப்பித் தருகிறது. பழைய கிளையில் அனைத்தையும் விழுங்கிவிட்டு () என்னும் வெற்று அடைப்பை மட்டும் தருகிறது. ‘__காங்கேட்’ புதிய கிளையில் ## என்னும் செயலியால் இரு சொற்களை ஒட்டுகிறது. பழைய கிளையிலோ, இரண்டுக்கும் நடுவே /**/ என்று உள்ளடக்கம் ஏதுமற்ற ஒரு குறிப்புரையை வைக்கிறது. ‘__ஸ்ட்ரிங்’ புதிய கிளையில் # என்னும் செயலியாலும், பழையதில் அளபுருவை இரட்டை மேற்கோளுக்குள் அப்படியே எழுதிவைப்பதாலும் தன் காரியத்தைச் செய்கிறது.

நடுவில் நிற்கும் அந்த வெற்றுக் குறிப்பில் சற்றுத் தங்கவேண்டும். ரைசரின் முன்செயலி குறிப்புரையை இடைவெளியாக்காமல் சுவடின்றி நீக்கிவிட்டதால், அதன் இருபுறமும் நின்ற சொற்கள் ஒட்டி ஒரே சொல்லாயின. நன்னூல் படித்தவர் இதனைக் கெடுதல் விகாரம் என்று புன்னகையோடு சொல்லக்கூடும். ஆனால் கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட நூலோ, குறிப்புரையை இடைவெளி, வரிமுடிவு ஆகியவற்றோடு ஒரே இனமாக எண்ணி, சொற்களைப் பிரிப்பதே அதன் தொழில் என்று விதிக்கிறது. மேற்கோளுக்குள் சொல்மாற்றம் நிகழாது என்பதும் அந்நூலின் வாக்கு. ஆகவே, பழைய கிளையின் ‘__காங்கேட்’, ‘__ஸ்ட்ரிங்’ இரண்டுமே, பழைய சி மொழிக்குப் பிரமாணமாகக் கருதப்பட்ட நூலுக்கு மாறானவை. இதனைக் கொண்டு, இவை ஒரு முன்செயலியின் குற்றத்தின்மேல் கட்டிய தந்திரங்களே என்று ஸ்பென்சர்-கோலியர் வழியினர் வாதிக்கலாம்.

இங்கே சான்று மெலிந்திருப்பதை ஒப்புக்கொண்டே நான் மறுதலையாக வாதிக்கிறேன். நூலுக்கு மாறாயினும், வழக்கில் நிலைபெற்றுவிட்ட பிரயோகத்தைக் குற்றம் என்று தள்ளிவிடுவது எழுத்துமொழியைக் கொண்டு பேச்சுமொழியை அளப்பதாகும். இதற்குத் தக்க சாட்சி தரநிர்ணயக் குழுவே. குறிப்புரை ஒற்றை இடைவெளியாகும் என்று விதித்து அக்குழு பழைய தந்திரத்தின் வாசலை அடைத்தது. அதே கையோடு ##, # என்னும் இரு புதிய செயலிகளைப் படைத்து, அத்தந்திரங்கள் செய்துவந்த அதே இரண்டு காரியங்களுக்கு நேர்வழி அமைத்தது. யாரும் நடவாத ஒற்றையடிப்பாதையை அடைத்துவிட்டு அதனருகே சாலை போடுவார் உண்டோ? குழுவினர் மனத்தில் இருந்தது இதுதான் என்று சத்தியம் செய்ய நான் ஆயத்தமாக இல்லை. ஆயினும் ஒட்டுவதும் மேற்கோளிடுவதும் ஆகிய அவ்விரு தேவைகளும் ஹெடர் எழுதினோரின் அன்றாடத் தேவைகளாக இருந்தன என்பதற்குக் கோப்பு எழுதியவரின் குறிப்பு துணைநிற்கிறது. ‘__காங்கேட்’ சற்றே சூழ்ச்சியானது என்றும், அதன் அளபுருக்களுக்கு நடுவே இடம் விடாதீர்கள் என்றும் அவர் எச்சரித்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவ்வெச்சரிக்கை பழைய கிளைக்கு மட்டுமே வேண்டுவது. ## தன் இருபுற இடைவெளியைப் பொருட்படுத்தாது. ஒரு கம்பைலரின் பலவீனத்துக்காக எல்லாக் கம்பைலரின் பயனாளரையும் கட்டுப்படுத்தும் இந்தச் சம்பிரதாயம்தான், என் கருத்தில், துபாஷித் தொழிலின் லட்சணம்.

‘__பீ’ மேக்ரோவின் இரட்டை அடைப்பும் கவனிக்கத்தக்கது. அளபுருப் பட்டியலில் காற்புள்ளிகள் வரும். பட்டியலின் நீளமோ ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் மாறும். எத்தனை அளபுருவும் ஏற்கும் மேக்ரோ 1999-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில்தான் வந்தது. ஆகவே முழுப் பட்டியலையும் உள்ளடைப்பில் பொதிந்து ஒரே அளபுருவாகக் கொடுத்தார்கள். இதே உபாயம் குனு மரபில் ‘பாராம்ஸ்’ என்றும், ஸீலிப் நூலகத்தில் ‘ஓஎஃப்’ என்றும், டிக்கிள் மொழியில் ‘_அன்ஸி_ஆர்க்ஸ்_’ என்றும் வெவ்வேறு பெயர் பூண்டு நடமாடிற்று. குனு கம்பைலரின் ‘__அட்ரிப்யூட்__’ என்னும் விரிவும் இதே இரட்டை அடைப்போடு அமைந்தது என்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பெர்க்லி கோப்பிலேயே, குனு அல்லாத கம்பைலர்களுக்கு அதனை ஒற்றை அளபுரு மேக்ரோவாக வரையறுத்து ஒன்றுமில்லாததாக்கும் வரி இருக்கிறது. உள்ளே எத்தனை காற்புள்ளி வந்தாலும் அந்த ஒரு வரி போதுமாவது இரட்டை அடைப்பின் தயவினாலேயே. ஹெடர் எழுதுவோரின் வழக்கம் கம்பைலரின் இலக்கணத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே இதனை வைக்கிறேன்.

என் வாதத்துக்கு எதிரான சான்றை மறைப்பது முறையன்று. பழைய கிளையின் வெற்று அடைப்பு செய்தியை விழுங்குகிறதேயன்றிப் பொய் சொல்வதில்லை என்று கருதத் தோன்றும். ஆனால் அளபுருவின் வகை ‘ஃப்ளோட்’, ‘சார்’ போன்ற குறுகிய வகையாயின், பழைய மொழி அதனை ‘டபிள்’ அல்லது ‘இன்ட்’ ஆக விரித்து அனுப்பும், புதியதோ விரிக்காமலே அனுப்பக்கூடும். அப்போது இரு கிளைகளும் இரு வேறு உடன்படிக்கைகளைச் சொல்கின்றன. துபாஷி தன்னையறியாமல் பொய்யனாகிறான். கிளையைத் தேர்ந்தெடுக்கும் ‘__எஸ்டிடிசி__’ என்னும் அடையாளத்திலும் வம்பு உண்டு. சன் நிறுவனத்தின் கம்பைலர், பழைய விரிவுகளையும் ஏற்கும் நிலையில், அதனை 0 என்று வரையறுத்தது. வரையறுக்கப்பட்டதா என்று கேட்கும் ஹெடருக்கு அது புதிய மொழி. மதிப்பென்ன என்று கேட்கும் ஹெடருக்கு அதுவே பழைய மொழி. பெர்க்லி கோப்பு முதல் கேள்வியையே கேட்டதால் தப்பித்தது. இத்தகைய சிக்கல்களைக் கண்டு அலுத்துப்போன ஸ்பென்சரையும் கோலியரையும் நான் குறைகூற மாட்டேன். அவர்கள் நோயைச் சரியாகவே கண்டார்கள், ஹெடரையும் நோயாளிகளின் வரிசையில் நிறுத்தியதே தவறு.

இரு மொழிகளும் ஒன்றானபோது துபாஷிக்கு வேலை குறைந்தது. ஃப்ரீபிஎஸ்டி 2002-இல் தன் ஹெடர்களிலிருந்து ‘__பீ’-யைக் களைந்தது. 2004-இல் வந்த ஜிசிசி 3.4, தன்னைத் தொகுக்க 1990-ஆம் ஆண்டுத் தரத்துக் கம்பைலர் வேண்டும் என்று அறிவித்தது. 2023 ஆகஸ்டில் வந்த ஸீலிப் 1.3 பழைய முறை ஃபங்ஷன் வரையறைகளை விலக்கியது. சி23 எனப்படும் தரம், 2024-இல் அச்சேறி, () என்னும் வெற்று அடைப்புக்கே ‘அளபுரு ஏதும் இல்லை’ என்று புதுப்பொருள் கற்பித்துவிட்டது. முன்யோசனை வந்ததனால் இம்மேக்ரோக்கள் மறையவில்லை, கேட்பவன் ஒருவனானதால் மறைந்தன என்பதை இவ்வரிசை தெளிவாக்கும்.

முற்றும் மறைந்தன என்றும் சொல்லிவிட முடியாது. ஆப்பிள் நிறுவனம் மூலநிரலாக வெளியிடும் எக்ஸ்என்யூ கருவில், ‘சீடெஃப்ஸ்.எச்’ கோப்பின் பழைய கிளை, வெற்று அடைப்போடும் /**/ என்னும் வெற்றுக் குறிப்போடும், இடம் விடாதீர்கள் என்னும் எச்சரிக்கையோடும் அப்படியே நிற்கிறது. அந்நிறுவனத்தின் சொந்தக் கம்பைலர் அந்தக் கிளைக்குள் நுழைவதில்லை.